வன்னியிலிருந்து கொழும்புக்கு: சங்கிலி ஹோட்டலும் உறுப்பினர் சலுகையும்

கிளிநொச்சியிலிருந்தோ புதுக்குடியிருப்பிலிருந்தோ இரவு பஸ்ஸில் வெளிக்கிட்டால் விடியுமுன்பே கொழும்பில் இறக்கிவிடுவார்கள். ஹோட்டல் அறை கிடைப்பதோ பிற்பகல் 2 மணிக்கு. சில இடங்களில் 3 மணிக்கு. திரும்பும் நாளிலும் இதே கதைதான். நண்பகல் 12 மணிக்கு அறையை விடவேண்டும், ஊருக்கு வரும் பஸ் இரவில்தான். வயதான தாயையோ கைக்குழந்தையையோ கூட்டிக்கொண்டு போனவர்களுக்கு இந்த இரண்டு இடைவெளிகளும் எவ்வளவு நீளம் என்று தெரியும்.

ஒரே நிறுவனத்தின் கீழ் பல ஊர்களில் கிளை நடத்தும் பெரிய சங்கிலி ஹோட்டல்களின் உறுப்பினர் திட்டங்கள் பற்றி இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை மாதத்துக்கு நாலு தரம் விமானம் ஏறுபவருக்காக எழுதப்பட்டவை. வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை கொழும்புக்குப் போகும் நமக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. நமக்கு இந்தத் திட்டங்களின் பயன், கட்டும் காசுக்குப் புள்ளி சேர்த்து இலவச இரவு எடுப்பதில் இல்லை. நேரத்தோடு அறை கிடைப்பது, பிந்தி அறையை விடுவது, காலைச் சாப்பாடு, வெளிநாட்டில் இருக்கும் உறவினரின் உறுப்பினர் நிலை (சில்வர், கோல்ட் போன்ற படி) ஆகியவற்றில்தான் இருக்கிறது. இந்த வழிகாட்டி அந்தக் கண்ணோட்டத்திலேயே எழுதப்பட்டது.

முதலில்: உங்களுக்கு இது தேவையா?

விரல் ரேகை கொடுக்கவோ ஒரு கடிதத்தை ஒப்படைக்கவோ ஒருவர் மட்டும் போவதென்றால் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நல்ல லொட்ஜ் ஒன்று போதும். தமிழில் கதைக்கலாம், சைவச் சாப்பாடு காலடியில் கிடைக்கும், செலவும் குறைவு. அதை விட்டுவிட்டுச் சங்கிலி ஹோட்டலுக்குப் போங்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

சங்கிலி ஹோட்டல் கைகொடுக்கும் சந்தர்ப்பங்கள் வேறு. கனடாவிலிருந்து வரும் குடும்பத்தை வரவேற்று இரண்டு மூன்று நாள் கொழும்பில் வைத்திருக்க வேண்டும். சத்திரசிகிச்சை முடிந்த ஒருவருக்கு லிஃப்ட், சக்கர நாற்காலி போகக்கூடிய கதவு, இரவு எந்த நேரமும் ஆள் இருக்கும் வரவேற்பு மேசை எல்லாம் வேண்டும். திருமணத்துக்குப் பல அறைகள் ஒரே இடத்தில் வேண்டும். அலுவலகப் பயிற்சிக்கு வந்தபின் ஒரு நாள் கூடுதலாக நிற்க வேண்டும். இப்படி ஏதாவது ஒன்று இருந்தால் மேலே வாசியுங்கள்.

வேலை எங்கே என்பதைப் பாருங்கள், பிறகு ஹோட்டலைப் பாருங்கள்

சலுகையைத் தேடி இடத்தைத் தெரிவு செய்யக்கூடாது. குடிவரவுத் திணைக்களத்தின் தலைமை அலுவலகம் பத்தரமுல்லையில். புற்றுநோய்ச் சிகிச்சைக்கான அபேக்ஷா வைத்தியசாலை மகரகமவில். இந்திய உயர்ஸ்தானிகராலயமும் அமெரிக்கத் தூதரகமும் கொள்ளுப்பிட்டிப் பக்கம் காலி வீதியில். விமான நிலையம் கட்டுநாயக்கவில், நகரத்திலிருந்து 30 கிலோமீற்றருக்கு மேல். காலை 8 மணிக்கு மகரகமவில் நிற்க வேண்டியவர் காலிமுகத்திடலில் கடலைப் பார்த்த அறை எடுத்தால், கடலைப் பார்க்கும் நேரத்தை நெரிசலில் கொடுத்துவிடுவார்.

உலகச் சங்கிலி ஹோட்டல்கள் பெரும்பாலும் கோட்டை, காலிமுகத்திடல், கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு என்ற ஒரே கரையோர வட்டத்துக்குள் இருக்கின்றன. கோட்டை ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஹில்டன். காலிமுகத்திடலுக்கு எதிரே 2017இல் திறந்த ஷங்ரி-லா, கொஞ்சம் தள்ளித் தாஜ் சமுத்ரா. கொள்ளுப்பிட்டியில் ஷெரட்டன், ரடிசன், சினமன் கிராண்ட். தூதரக வேலை, ரயிலில் வந்து இறங்குவது, திருமணச் சாமான் வாங்குவது போன்றவற்றுக்கு இந்த வட்டம் வசதி. பத்தரமுல்லைக்கும் மகரகமவுக்கும் இது தூரம். அப்படியான வேலைக்குப் போகிறவர்கள் பக்கத்திலே ஒரு சாதாரண அறையைப் பார்ப்பதே நல்லது. சலுகை எவ்வளவு இருந்தாலும் என் அபிப்பிராயம் இதுதான்.

எந்த ஹோட்டல் எந்தக் குடும்பம்

கதவில் எழுதியிருக்கும் பெயரும் சலுகை தரும் திட்டத்தின் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும் என்றில்லை. ஷெரட்டன், கோர்ட்யார்ட், வெஸ்டின் எல்லாம் மரியட்டின் பிள்ளைகள். அங்கே தங்கினால் ‘மரியட் பொன்வோய்’ திட்டத்தில் சேரும். மரியட்டின் பழைய திட்டமும் ஸ்டார்வுட் என்ற ஹோட்டல் நிறுவனத்தின் திட்டமும் ஒன்றாகி 2019இல் இந்தப் பெயர் வந்தது. ஹில்டனுக்கும் டபுள்ட்ரீக்கும் ‘ஹில்டன் ஹானர்ஸ்’. ஹொலிடே இன்னுக்கும் கிரவுன் பிளாசாவுக்கும் ‘ஐஎச்ஜி வன் ரிவார்ட்ஸ்’. நோவொட்டலுக்கும் ஐபிஸுக்கும் அக்கோரின் திட்டம். சினமன் நம் நாட்டு ஜோன் கீல்ஸ் குழுமத்துடையது. ஹோட்டலின் சொந்த இணையத்தளத்தில் பக்கத்தின் அடியில் பார்த்தால் தாய் நிறுவனத்தின் பெயர் இருக்கும்.

சேருவது இலவசம், பெயரில் கவனம்

எந்தத் திட்டத்திலும் சேர ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை. ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தால் கைத்தொலைபேசியிலேயே ஐந்து நிமிட வேலை. யாராவது காசு கேட்டால் அது வேறு விஷயம். உணவகத் தள்ளுபடிக்காக விற்கும் வருடாந்த அட்டையாக இருக்கலாம். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

நம் ஆக்களுக்குச் சிக்கல் வருவது பெயரில். கடவுச்சீட்டில் தகப்பனின் பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கும். தேசிய அடையாள அட்டையில் முழுப் பெயரும் ஒரே வரியில் இருக்கும். முகநூலில் வேறொரு எழுத்துக் கூட்டல். உறுப்பினர் கணக்கைத் திறக்கும்போது கடவுச்சீட்டில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். கடவுச்சீட்டு இல்லையென்றால், அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் பெயர் இருந்தால் அந்த எழுத்துக் கூட்டலைப் போடுங்கள். கணக்கில் ஒரு பெயரும் பதிவில் இன்னொரு பெயரும் இருந்தால் சலுகை சேராது. பிறகு திருத்துவதென்றால் ஆவணம் அனுப்பிக் காத்திருக்க வேண்டும்.

குடும்பத்தில் எல்லோரும் தனித்தனியே சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சமாகப் புள்ளியைச் சிதறவிடத் தேவையில்லை. அடிக்கடி போகும் ஒருவரின் பெயரில் பதியுங்கள். ஹில்டனில் உறுப்பினர்கள் தங்களுக்குள் புள்ளிகளை இலவசமாக ஒன்றுசேர்க்கும் வசதியும் இருக்கிறது. ஒருவரோடு பத்துப் பேர் வரை சேரலாம்.

புள்ளிக்கு ஆயுள் உண்டு

ஹில்டனிலும் மரியட்டிலும் பெரும்பாலான பிராண்ட்களில் ஒரு அமெரிக்க டொலர் அறைக் கட்டணத்துக்கு 10 அடிப்படைப் புள்ளிகள். 100 டொலர் அறைக்கு 1,000 புள்ளி. ஒரு இலவச இரவுக்குப் பல்லாயிரம் புள்ளி கேட்பார்கள். வருடத்துக்கு இரண்டு இரவு தங்கி அந்த இடத்தை எட்டுவது கடினம் என்பது கணக்குப் பார்த்தவுடனே விளங்கும்.

அதைவிட முக்கியமானது காலாவதி. கணக்கில் எந்த அசைவும் (புள்ளி சேர்வதோ செலவழிப்பதோ) இல்லாவிட்டால் ஹில்டன், மரியட், ஹயட் மூன்றிலும் 24 மாதத்தில் புள்ளி அழிந்துவிடும். ஐஎச்ஜியில் அடிமட்ட உறுப்பினருக்கு 12 மாதம். அக்கோரில் 365 நாளுக்குள் மறுபடி தங்காவிட்டால் போய்விடும். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இந்தச் சங்கிலிகளுக்குக் கிளை இல்லை. ஆகவே தங்கிக் கணக்கை உயிரோடு வைத்திருக்கக் கொழும்பு, சென்னை போன்ற வெளியிடங்களுக்குப் போனால்தான் உண்டு. எப்போதாவது பயணம் போகும் ஒருவருக்கு 24 மாதத் திட்டம்தான் ஏற்றது. இரண்டு ஹோட்டலும் விலையில் சமமாக இருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே ஹில்டனையோ மரியட்டையோ எடுக்கலாம்.

நிலைதான் பெரிய சலுகை, அது உறவினரிடம் இருக்கலாம்

சேர்ந்தவுடன் கிடைப்பது அடிமட்ட நிலை. அதற்கும் பயன் உண்டு: உறுப்பினர் விலை கொஞ்சம் குறைவாக இருக்கும், வைஃபை இலவசம். அதற்கு மேலே சில்வர், கோல்ட், பிளாட்டினம் என்று படிகள். மரியட்டில் ஒரு வருடத்தில் 10 இரவுக்குச் சில்வர், 25க்குக் கோல்ட், 50க்குப் பிளாட்டினம். வன்னியில் இருந்துகொண்டு வருடத்துக்கு 50 இரவு கொழும்பு ஹோட்டலில் யார் தங்குவது?

ஆனால் லண்டனில் இருக்கும் மச்சானிடமோ ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பாவிடமோ அந்த நிலை இருக்கக்கூடும், அதுவும் அவருக்கே தெரியாமல். இங்கிலாந்திலும் கனடாவிலும் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பிளாட்டினம் கார்ட் வைத்திருப்பவருக்கு ஒரு இரவும் தங்காமலே ஹில்டன் கோல்டும் மரியட் கோல்டும் எடுக்கும் உரிமை உண்டு. எடுக்கவேண்டியது அவர்தான், தானாக வராது. ஊருக்கு வரப்போகும் உறவினரிடம் வட்ஸ்அப்பில் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: ‘எந்த ஹோட்டல் திட்டத்திலயாவது கோல்ட், பிளாட்டினம் இருக்கா? கார்டோட வந்திருக்கான்னு ஒருக்கா பாருங்கோ.’

பதில் ஆம் என்றால் எந்தச் சங்கிலி என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஒரே ‘கோல்ட்’ என்ற பெயர், உள்ளே இருப்பது வேறு. ஹில்டன் கோல்டுக்கு அமெரிக்காவுக்கு வெளியே காலைச் சாப்பாடு உண்டு, உறுப்பினருக்கும் அதே அறையில் தங்கும் இன்னொருவருக்கும். மரியட் கோல்டுக்குக் காலைச் சாப்பாடு இல்லை. பிற்பகல் 2 மணி வரை அறையை வைத்திருக்கலாம், அதுவும் அறை வெறுமையாக இருந்தால். மரியட்டில் பிளாட்டினத்துக்குப் போனால்தான் பல பிராண்ட்களில் காலைச் சாப்பாடும், மாலை 4 மணி வரை அறையை வைத்திருக்கும் உரிமையும் வரும். உல்லாச விடுதிகளிலும் மாநாட்டு ஹோட்டல்களிலும் அந்த 4 மணி உறுதி இல்லை. இரவு பஸ்ஸுக்குக் காத்திருப்பவருக்கு மாலை 4 மணி என்பது ஒரு முழு மதியத் தூக்கம். குழந்தையைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, ஆறுதலாக வெளிக்கிடலாம்.

உறவினர் கூட வந்து தங்கினால்தான் இந்தச் சலுகைகள் கிடைக்கும். அவர் ரொறன்ரோவில் இருந்துகொண்டு தன் புள்ளியால் உங்களுக்கு ஒரு அறை பதிந்து தரலாம். அது இலவச அறை, மிக நல்ல உதவி. அப்போது காலைச் சாப்பாடும் பிந்திய நேரமும் உங்களுக்குச் சேரும் என்று பொதுவாக எதிர்பார்க்கக்கூடாது. பதிவில் தங்குபவராக உங்கள் பெயர் இருக்கிறதா, உறுதிக் கடிதம் உங்கள் மின்னஞ்சலுக்கும் வந்ததா என்று பாருங்கள். உறவினரின் பெயர் மட்டும் இருந்தால் வரவேற்பு மேசையில் நீங்கள் நிற்க வேண்டியிருக்கும்.

உறவினர் ஐந்து இரவு கொழும்பில் நிற்கப்போகிறார் என்றால் இன்னொரு விஷயம் சொல்லுங்கள். மரியட்டில் புள்ளியால் தொடர்ந்து ஐந்து இரவு பதிந்தால் நாலு இரவுக்கான புள்ளிதான் எடுப்பார்கள். ஹில்டனில் சில்வர் நிலையிலிருந்து இதே போல ஐந்தாவது இரவு இலவசம். நாலு இரவு பதிந்துவிட்டுக் கடைசி இரவுக்குக் காசு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பதிவும் விலையும்

உறுப்பினர் சலுகை எல்லாம் ஹோட்டலின் சொந்த இணையத்தளத்தில், செயலியில், அல்லது நேரடித் தொலைபேசியில் பதிந்தால் மட்டும்தான். புக்கிங் டொட் கொம், அகோடா போன்றவற்றில் பதிந்தால் புள்ளி வராது, நிலைக்குரிய சலுகையும் பெரும்பாலும் வராது. அங்கே விலை குறைவாகத் தெரிந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காலைச் சாப்பாடு சேர்ந்ததா, இரத்துச் செய்யலாமா, வரி சேர்ந்ததா என்ற மூன்றையும் சமப்படுத்திவிட்டு ஒப்பிடவேண்டும்.

வரி விஷயத்தில் நின்று நிதானியுங்கள். கொழும்பு விலைகளில் சில இடங்களில் தொகைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்கள். அதன் அர்த்தம், சேவைக் கட்டணமும் வரிகளும் இனித்தான் வரும் என்பது. 10 வீதம் சேவைக் கட்டணம், அதன்மேல் 2.5 வீதம் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி, அதன்மேல் 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமான வற் வரி. ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதால் 30,000 ரூபா என்று பார்த்த அறை கிட்டத்தட்ட 40,000 ரூபாவாக முடியும். புள்ளி கணக்கிடுவது அந்த 30,000க்குத்தான், 40,000க்கு அல்ல.

அடுத்தது, நாட்டில் வசிப்பவருக்கான விலை. பல ஹோட்டல்களில் இலங்கை அடையாள அட்டை உள்ளவர்களுக்கு ரூபாவில் ஒரு தனி விலை இருக்கும். இணையத்தளத்தில் டொலரில் தெரிவதைவிட அது நன்றாகக் குறைந்திருக்கலாம். இதற்குத் தொலைபேசி எடுக்கவேண்டும். உங்கள் வங்கியின் கிரெடிட் கார்டுக்கு அந்த மாதம் ஏதாவது தள்ளுபடி இருக்கிறதா என்று வங்கியின் பக்கத்திலும் பாருங்கள். கதைக்கும்போது கேட்கவேண்டியவை:

– உள்நாட்டவர் விலை எவ்வளவு, எல்லா வரியும் சேர்த்து?
– இந்த விலைக்கு உறுப்பினர் சலுகையும் புள்ளியும் சேருமா?
– காலைச் சாப்பாடு எத்தனை பேருக்கு?
– எந்தத் திகதி வரை காசு இழக்காமல் இரத்துச் செய்யலாம்?

இரண்டாவது கேள்விக்கு ‘இல்லை’ என்றால் மனம் தளரவேண்டாம். வருடத்துக்கு ஒரு தரம் போகிறவருக்கு, உள்நாட்டவர் விலையில் மிஞ்சும் காசு ஆயிரம் புள்ளியைவிடப் பெறுமதியானது. கோல்ட் நிலையுள்ள உறவினர் கூட வரும்போது மட்டும் எதிர்ப்பக்கம் கணக்குப் பாருங்கள். இரண்டு பேருக்கு மூன்று நாள் காலைச் சாப்பாடு என்பது கொழும்பு ஹோட்டல் விலையில் நல்ல தொகை.

ஆக்களின் எண்ணிக்கையை உண்மையாகப் போடுங்கள். இரண்டு பேருக்கான அறையில் ஐந்து பேர் போய் நின்றால் கூடுதல் கட்டணமோ மறுப்போ வரும். பெரிய குடும்பமென்றால் இடையில் கதவுள்ள இரண்டு அறைகளைக் கேளுங்கள். மரியட்டிலும் ஹில்டனிலும் உறுப்பினர் தானும் தங்கித் தானே காசு கட்டினால் மூன்று அறைகள் வரை அவருக்குப் புள்ளி சேரும். திருமணத்துக்குப் போகும் வீட்டார் இதைக் கவனிக்கவேண்டும்.

போவதற்கு முன் ஒரு மின்னஞ்சல்

இரண்டு மூன்று நாளுக்கு முன் ஹோட்டலுக்கு நேரடியாக எழுதுங்கள், அல்லது செயலியில் செய்தி அனுப்புங்கள். பதிவிலக்கம், உறுப்பினர் இலக்கம், வந்து சேரும் நேரம், கூட வரும் முதியவரின் நிலை, திரும்பும் பஸ்ஸின் நேரம் எல்லாவற்றையும் எழுதுங்கள். காரணம் தெரிந்தால் உதவி செய்யும் ஊழியர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். ‘காலை 5 மணிக்கு இரவு பஸ்ஸில் வருகிறோம், தாயாருக்கு 74 வயது, அறை கிடைக்கும் வரை இருக்க இடமும் கழிப்பறையும் வேண்டும்’ என்று எழுதினால் போதும். அறை உடனே கிடைக்காவிட்டாலும் பைகளை வாங்கி வைப்பார்கள். காலைச் சாப்பாட்டை அன்றைக்கே காசு கொடுத்துச் சாப்பிடலாம். விடியப்புறமே அறை கட்டாயம் வேண்டுமென்றால் முந்திய இரவையும் சேர்த்துப் பதிவதுதான் ஒரே உறுதியான வழி. அப்படிப் பதிந்தால் மறுநாள் காலைதான் வருவோம் என்று அறிவித்துவிடுங்கள், இல்லாவிட்டால் வராதவர் என்று பதிவை இரத்துச் செய்துவிடக்கூடும்.

வரவேற்பு மேசையில்

எல்லோரும் அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள். நம் முதியவர்கள் சிலருக்குக் கொழும்பில் அட்டையை எடுத்து நீட்ட இன்னும் கை தயங்கும். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த சில நூறு தமிழரை இரவோடு இரவாக பஸ்ஸில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அந்த நாட்களைக் கண்டவருக்கு ‘எங்கேயிருந்து வருகிறீர்கள்’ என்ற சாதாரணக் கேள்வியும் கனக்கும். அவர்களைக் கதிரையில் இருத்திவிட்டு, பதிவு வேலையை இளையவர் ஒருவர் பார்ப்பது நல்லது. விரும்பினால் தமிழ் தெரிந்த ஊழியரைக் கேளுங்கள்.

ஒரு வைப்புத் தொகையையும் கேட்பார்கள், அறைக்கு ஏற்கனவே காசு கட்டியிருந்தாலும். கிரெடிட் கார்டென்றால் அந்தத் தொகையைப் பிடித்து வைத்துவிட்டுப் பிறகு விடுவிப்பார்கள். டெபிட் கார்டில் பிடித்தால் உங்கள் கணக்குக் காசே சில நாள் முடங்கும். மருத்துவச் செலவுக்கு வைத்திருக்கும் கார்டை இங்கே நீட்டவேண்டாம். காசாகக் கட்டலாமா என்று கேளுங்கள், கட்டினால் பற்றுச்சீட்டை வாங்குங்கள்.

அந்த நேரத்திலேயே அறையை விடும் நேரத்தையும் கேட்டு வையுங்கள். கடைசி நாள் காலையில் கேட்டால் அடுத்தவருக்கு அறையைக் கொடுத்திருப்பார்கள்.

அலுவலகச் செலவில் தங்குபவர்கள்

வன்னியில் அரச சார்பற்ற நிறுவனங்களிலும் கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்களிலும் வேலை செய்யும் பலர் பயிற்சிக்காகக் கொழும்பு ஹோட்டல்களில் தங்குகிறார்கள். அலுவலகம் மொத்தமாகக் காசு கட்டும் குழுப் பதிவுகளில் அறைக் கட்டணத்துக்குப் புள்ளி வராமல் போகலாம். இருந்தாலும் உறுப்பினர் இலக்கத்தைக் கொடுத்து வையுங்கள். அலுவலக விதி இதை அனுமதிக்கிறதா என்று முதலில் நிதிப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்னைக்குப் போகிறவர்கள்

பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் பறக்கத் தொடங்கியபின் சிகிச்சைக்கும் திருமணச் சாமான் வாங்கவும் நேரே போகிறவர்கள் கூடிவிட்டார்கள். அங்கே வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் தங்குபவரை ஹோட்டல் ஒரு படிவம் மூலம் அதிகாரிகளிடம் பதிவு செய்யவேண்டும். சிறிய லொட்ஜ்கள் சில இந்தச் சோலிக்காகவே இலங்கைக் கடவுச்சீட்டைக் கண்டதும் அறை இல்லை என்று சொல்லிவிடும். சங்கிலி ஹோட்டலில் அது வழமையான வேலை. சென்னையில் சங்கிலிகளும் அதிகம், ஐபிஸ் முதல் ஹயட், ஐடிசி வரை. ஒரு இரவுக்கு 7,500 இந்திய ரூபாவைத் தாண்டும் அறைக்கு 18 வீதம் ஜிஎஸ்டி வரி, அதற்குக் கீழே குறைவு. ஆகவே அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே உள்ள அறையைத் தேடினால் மொத்தத்தில் நல்ல வித்தியாசம் தெரியும். கொழும்பில் ஹில்டனிலோ மரியட்டிலோ தொடங்கிய கணக்கை இங்கே அசைத்துவிட்டால் அடுத்த 24 மாதம் உயிரோடு இருக்கும்.

வெளிக்கிடும்போது

பில்லை வரி வரியாகப் பாருங்கள். குளிர்பெட்டியில் எடுக்காத சோடா இருக்கிறதா, உறுப்பினர் காலைச் சாப்பாட்டுக்குக் காசு போட்டிருக்கிறார்களா, வைப்புத் தொகை கழிந்ததா என்று அங்கேயே கேளுங்கள். ஊருக்கு வந்தபின் தொலைபேசியில் தீர்ப்பது கஷ்டம். பில்லின் பிரதியை மின்னஞ்சலுக்கும் அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு கிழமைக்குப் பிறகும் கணக்கில் புள்ளி ஏறாவிட்டால், திட்டத்தின் இணையத்தளத்தில் ‘விடுபட்ட தங்கல்’ கோரும் பகுதி இருக்கும். பில் இலக்கத்தையும் திகதியையும் அங்கே போட்டு அனுப்புங்கள்.